கப்பல் சுணை

தை மாதக் கடைசியில், அவித்த நெல் முழுவதும் களத்துக்குக் காயப் போன பிறகு, எங்கள் வீட்டுக் கொல்லையில் கோட்டையடுப்பின் தணல் மட்டும் சிவந்து கிடக்கும். அந்த நேரத்துக்காகப் பிள்ளைகள் நாங்கள் காத்திருப்போம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். நெல் அவிக்கும் அண்டாவை இறக்கப் பிடித்துணியாக இருந்த ஒரு கனத்த துணியை எடுத்துத் தணலுக்குள் போடுவார். பல நாள் கரியும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருக்கும் அந்தத் துணியின் மேல் முதலில் ஒரு சின்னச் சுடர் ஓடும். பிறகு சுடர் அணைந்துவிடும். கறுப்பு சாம்பல் நிறமாகும். சாம்பல் நிறம் மெல்ல வெளுக்கும். தணல் சிவப்பாக எரிந்துகொண்டிருக்க, அதன் நடுவில் துணி மட்டும் சலவைக்குப் போய் வந்தது போலப் படுத்திருக்கும். பெரியப்பா இரும்புக் கம்பியால் அதை வெளியே இழுத்துப் போட்டு, சூடு ஆறியதும் இரண்டு முனைகளையும் பிடித்துப் பலமாக உதறுவார். சாய்ந்த வெயிலில் வெள்ளையாய் ஒரு தூள் எழுந்து, மினுங்கி, எங்கள் தலைமேல் அடங்கும். நாங்கள் கை தட்டுவோம்.

எங்கள் தெருவில் அதற்குக் கப்பல் துணி என்று பெயர். பெரியப்பா கப்பற்படையில் இருந்தவர். போர்க்கப்பல் ஒன்றின் பாய்லர் அறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, சீஃப் என்ற பதவியோடு ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். கீழ்வேளூருக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. தண்ணீர் வந்த வருஷம் நடவு, வராத வருஷம் மழையை நம்பிய விதைப்பு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கடலுக்குப் போய், நெருப்பையும் நீராவியையும் ஆண்டுவிட்டு வந்தவர் என்ற மரியாதை அவருக்கு இருந்தது. எரியாத துணி அந்த மரியாதைக்குச் சாட்சி. ஊரில் கல்யாணம் என்றாலும், கோயிலில் அன்னதானம் என்றாலும், சமையல்காரர் முதலில் கேட்பது, "கப்பல் துணி வந்துடுச்சா?" என்றுதான். கொதிக்கும் அண்டாவை இறக்க அதைப்போல ஒன்று இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது.

பெரியம்மாவுக்கு அதில் பெருமையும் உண்டு, கேலியும் உண்டு. "ஊருல எல்லாரு புருஷனும் வெளியூருக்குப் போயி சேலை, சென்ட்டுன்னு கொண்டாராங்க. எங்க வீட்டுக்காரு கொண்டாந்தது கட்டவும் முடியாது, போத்தவும் முடியாது. ஆனா பாரு, ஊரு பூரா என் வாசல்லதான் துணிக்கு நிக்குது" என்பார். சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்கள்தான் சிரிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மேற்குக் கரைத் துறைமுக நகரம் ஒன்றில், கப்பற்படைக் குடியிருப்பில், அவர்கள் பல வருஷம் இருந்திருக்கிறார்கள். இந்தி தெரியாமல் காய்கறிக்காரனிடம் சைகையால் பேரம் பேசியதிலிருந்து, முதன்முதலாகக் கப்பலைப் பார்த்துவிட்டு "இவ்வளவு பெரிய இரும்பு எப்படிங்க மெதக்குது?" என்று கேட்டுப் பெரியப்பாவின் அதிகாரியைச் சிரிக்க வைத்ததுவரை, அந்த நகரத்தைப் பற்றி அவரிடம் தீராத கதைகள் இருந்தன.

பெரியப்பாவின் கதைகள் எல்லாம் பாய்லர் அறைக்குள் நடப்பவை. அடிபட்ட ஆளுக்குச் சுற்றுவது போலக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கட்டுப் போட்டிருக்கும் என்பார். உள்ளே ஓடும் நீராவியின் சூடு வெளியே போய்விடாமல் இருக்க அந்தக் கட்டு. கப்பல் பழுதுபார்க்கத் துறைமுகத்துக்குள் வரும்போது பழைய கட்டைப் பிரித்துப் புதிது சுற்றியாக வேண்டும். கத்தியால் கிழித்து, கையால் பிய்த்து, மூட்டை கட்டி மேலே அனுப்புவார்களாம். மூடிய அறையில் அந்தத் தூள் பனிமூட்டம் போல நிற்குமாம். எதிரே நிற்பவனின் பல் மட்டும் தெரியுமாம். உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்கள். களைத்துப் போனால் அந்த மூட்டைகளின் மேலேயே தூங்குவார்கள். நெல் தூற்றும்போது பறந்து, கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு அரிக்கும் தூசியை எங்கள் பக்கம் சுணை என்று சொல்வோம். பெரியப்பாவுக்குக் கப்பலின் வெள்ளைத் தூளும் அப்படித்தான் பட்டிருக்கிறது. "மத்த ஊருப் பயலுக அரிக்குது அரிக்குதுன்னு குதிப்பானுங்க. எனக்குச் சிரிப்பா வரும். டேய், இது எங்க ஊரு களத்துச் சுணை மாதிரிதான்டா, குளிச்சா போயிடும்னு சொல்லுவேன்" என்பார். மற்றவர்கள் முகத்தில் கைக்குட்டையாவது கட்டிக்கொண்டார்களாம். இவர் அதையும் கட்டவில்லை. களத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சுணை ஒரு பொருட்டா?

நான் வேதிப் பொறியியல் படித்துவிட்டு, தொழிற்சாலைகளின் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் வேலையில் சென்னையில் சேர்ந்தேன். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு நாள், மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். உள்ளே சாக்குக்கும் கம்பளிக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் போல மடித்து வைத்த வெள்ளைத் துணி. அது என்ன என்று யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கல்லிலிருந்து எடுக்கும் நார். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசியைவிட மெல்லிய இழைகள், மேலும் மெல்லிய இழைகளாகப் பிரிந்துகொண்டே போகும். நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. அமிலம் செய்யாது. மூச்சோடு உள்ளே போனால் உடம்பாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. மனிதன் தேடிக் கண்டெடுத்த பொருள்களில் அழிவுக்கு அடங்காத ஒன்று, அழிவுக்கு அடங்காததாலேயே கொல்கிறது என்பது எனக்கு அன்று பெரிய அதிசயமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அன்று மதியமே ஊருக்குப் பேசினேன். துணியைத் தொட வேண்டாம், உதற வேண்டாம், தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பாலிதீன் பையில் போட்டு, வாயை ஒட்டி, அதை இன்னொரு பையில் போட்டு வையுங்கள் என்றேன். பெரியப்பா ஏன் என்று கேட்கவில்லை. கட்டளை வந்த இடத்தில் கேள்வி கேட்காத பழக்கம். "சரிம்மா, செஞ்சிடறேன்" என்றார். பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது: "நெருப்புல வேகாததுக்கு இப்பத் தண்ணி தெளிச்சுக் கருமாதியா?" அபாயக் கழிவுகளை முறைப்படி புதைக்கும் இடத்துக்கு அந்தப் பை போய்ச் சேரும்படி நான் ஏற்பாடு செய்தேன். வருஷத்தில் சில நாள் வெட்டவெளியில் பயன்படுத்தியதால் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆபத்து இருக்காது என்றுதான் கணக்கு சொன்னது. ஆனாலும் சமையல்காரரையும் எங்கள் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம்.

சில வருஷம் கழித்துப் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் காசநோய் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். விறகடுப்பா என்று கேட்டார்கள், நெல் தூசியா என்று கேட்டார்கள், வயலுக்கு மருந்து அடிப்பீர்களா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஓரளவு ஆமாம் என்பதுதான் பதில். உங்கள் கணவர் பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கப்பலில் இருந்தவர் பெரியப்பாதானே என்று, கல்நாரை அறிந்த நானும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நீர் எடுக்க எடுக்க ஊறியது. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நெஞ்சுக்குள்ளிருந்து சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று நானும் கூட இருந்தேன். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் ஒரு புற்றுநோய், கல்நாரோடு ஒட்டியே வருவது.

இளவயது மருத்துவர், மெதுவாகப் பேசுகிறவர். "அம்மா, நீங்க எங்கயாவது ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில வேலை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"வேலையா? இவருக்குச் சோறாக்கிப் போட்டதுதான் சார் நான் பாத்த வேலை."

மருத்துவர் பெரியப்பா பக்கம் திரும்பினார். "நேவி, சார். பாய்லர் ரூம்" என்றார் பெரியப்பா. முதுகு தானாக நிமிர்ந்தது.

"வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டையை யாரு துவைச்சா?"

அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த இடத்தை நான் பெரியப்பாவின் முகத்தில் பார்த்தேன். நிமிர்ந்திருந்த முதுகு அப்படியே நின்றது, உள்ளே இருந்தவர் மட்டும் உட்கார்ந்துவிட்டார். பதில் சொன்னது பெரியம்மாதான். "நான்தான் சார். ஒரு நாள் விடாம. நல்லா உதறிட்டுத்தான் ஊற வைப்பேன்."

உதறாமல் எப்படி ஊற வைப்பது? இதை மருத்துவருக்கு விளக்கிச் சொன்னபோது பெரியம்மாவின் குரலில் ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெருமை இருந்தது. எங்கள் பக்கம் களத்திலிருந்து வந்த துணியை அப்படியே தண்ணீரில் போட மாட்டார்கள். போட்டால் பதரும் சுணையும் நூலுக்குள் ஏறிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. வாசலுக்குக் கொண்டுபோய் நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊற வைக்க வேண்டும். சின்ன வயதில் தாய் வீட்டில் பழகியதை, பெரியம்மா ஆயிரம் மைல் தள்ளியிருந்த குடியிருப்பின் மாடி முற்றத்திலும் செய்தார். புருஷன் வந்ததும் நீலச் சட்டையை வாங்கி, கைப்பிடிச் சுவரருகே நின்று, முகத்துக்கு நேராக உதறினார். வெள்ளையாய்ப் பறந்தது. அரித்தது. "நெனச்சேன், கப்பல்லயும் சுணை இருக்கும் போலன்னு" என்றார் பெரியம்மா. பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்படியே வாளிக்குள் அமுக்குவதைப் பார்த்து, துணி துவைக்கத் தெரியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டாராம். நனைத்த துணியிலிருந்து இழை அவ்வளவாகப் பறக்காது. அவர்கள் சோம்பலால் செய்தது அவர்களைக் காத்திருக்கக்கூடும். இவருடைய பொறுப்பு இவருடைய நெஞ்சுக்குள் போய்த் தங்கியது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்த இழைகள் ஒரு சத்தமும் போடாமல் அங்கே இருந்திருக்கின்றன. "விலாசம் மறக்காம வந்திருக்கு பாரு" என்றார் பெரியம்மா, காரில் ஏறும்போது.

ஊருக்கு வந்தபின் பெரியப்பா பேசுவதை விட்டுவிட்டார். மாத்திரை எடுத்துக் கொடுப்பார், தலையணையை உயர்த்தி வைப்பார், கஞ்சி ஆற்றுவார். கப்பல் கதை ஒன்று கூட அதன்பின் அவர் வாயிலிருந்து வரவில்லை. தன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொன்ன மருத்துவரிடம், "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். பெரியம்மாவுக்கோ இப்போது ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டியிருந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெரியப்பா எழுந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவும் பெரியம்மா காது கேட்கச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்ன கெடுவை வைத்துப் பார்த்தால், அடுத்த வருஷக் கூட்டத்துக்குப் பெரியம்மா இருக்கப் போவதில்லை.

"நான் போயி என்னன்னு சொல்றது? எம் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்னு மைக்குல சொல்லவா?" என்று ஒருநாள் பெரியப்பா வெடித்தார்.

"அப்படியேதான் சொல்லுங்களேன். அப்பதான் நாலு பேரு காதுல ஏறும்." மூச்சு வாங்கியது. நின்று, பிறகு சொன்னார்: "ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதுவரைக்கும் யாரு மேலயும் பாவம் இல்லீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

"சோறு போட்ட கப்பல நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

"கப்பல யாரு சொல்லச் சொன்னா? சட்டையச் சொல்லுங்க."

அந்த வாரம் சுபேதார் வந்தார். தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தை நடத்துகிறவர், பெரியப்பாவுக்கு நெடுநாள் நண்பர். விஷயம் காதில் விழுந்து வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் இருமினார். பனிமலையில் காவல் நின்ற காலத்திலிருந்து வந்த இருமல் அது. இரும்புப் பீப்பாய் போன்ற மண்ணெண்ணெய் அடுப்பைப் பதுங்குகுழிக்குள் வைத்து, காற்று வரும் வழியை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்ததையும், காலையில் துப்பினால் மை போல வந்ததையும் வீரக் கதையாக எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"சீஃப், வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். பென்ஷன வாங்கிக்கிட்டே குறை சொல்றான்னு பேசுவானுங்க" என்றார் சுபேதார்.

உள்ளேயிருந்து பெரியம்மா கேட்டார்: "சுபேதார் அண்ணே, இருமலுக்கு டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"அது பனியில நின்னதும்மா. எங்கூடவே போயிடும்."

"பனி கறுப்பாவா இருக்கும்?"

சுபேதார் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமியபடியே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கூட்டத்தில் காட்டுவதற்காகச் சில படங்களைத் தயார் செய்தேன். கப்பல் பாய்லர் அறைகளின் கல்நார், பதுங்குகுழி அடுப்பின் புகை, மூடிய துப்பாக்கிச் சுடுதளத்தில் நாள் முழுக்க நின்றவர்களின் மூச்சில் போகும் ஈயம், விமானப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் கரைப்பான்கள், வாகனக் கொட்டகையின் டீசல் புகை என்று வேலைவாரியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும், மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு காலத்தில் உலகத்தின் பெரும்பாலான நீராவிக் கப்பல்களில் அதே வெள்ளைக் கட்டுதான் இருந்தது. மற்ற தேசத்துப் பாய்லர்காரர்களும் அதைத்தான் வெறுங்கையால் பிய்த்தார்கள். நோய் நெடுங்காலம் கழித்து வருவதால், வேலையையும் நோயையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை. பெரியப்பா வரமாட்டார், நான் மட்டும் பேசிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

கூட்டத்தன்று காலையில் பெரியப்பா வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வேனின் முன்னால் நின்றார். பெரியம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறினார். மண்டபத்தில் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பின்னாலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. வரவேற்பு, கொடி வணக்கம், இறந்துபோனவர்களுக்கு மௌனம் எல்லாம் முடிந்தபின் பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பாய்லர் ரூம்ல இருந்தவன்" என்றார். அத்தோடு நின்றுவிட்டார். "சீஃப், எஞ்சின் நின்னு போச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, சிரிப்பு எழுந்தது. பெரியப்பா மைக்கின் கம்பியை, ஆடும் கப்பலில் கைப்பிடியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து மேடைக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, "சட்டையச் சொல்லுங்க" என்றார்.

பெரியப்பா சொன்னார். வெள்ளைக் கட்டைப் பிய்த்ததை, உருண்டை பிடித்து எறிந்ததை, சுணை என்று சிரித்ததைச் சொன்னார். கல்யாணமாகி வந்த பெண் அந்தச் சட்டையை வாங்கி உதறியபோது, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். "கப்பல்ல இருந்தது நான். நோவு அவளுக்கு வந்திருக்கு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். தெரியாமதான் குடுத்தேன். ஆனா என் கையாலதான் குடுத்தேன்" என்றார். குரல் உடையவில்லை. பாய்லர் அறையின் இரைச்சலில் பேசிப் பழகிய பெரிய குரல் அது, மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போயிற்று.

சுபேதார் எழுந்தார். "சீஃப், இதெல்லாம் இங்க பேசற விஷயமா? நம்மள ஆளாக்கின இடத்தை நாமளே குறை சொல்லலாமா?"

"சுபேதார் சாப், கப்பல் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. இன்னிக்குக் கூப்பிட்டாலும் போய் ஏறுவேன்" என்றார் பெரியப்பா. "ஆனா அந்தக் கப்பல் எனக்கு மொதல்ல என்ன கத்துக் குடுத்துச்சு தெரியுமா? குழாயில ஊசி முனை அளவுக்குக் கசிவு பாத்தாலும் மேல போய்ச் சொல்லணும். மறைச்சா அதுதான் குத்தம். ஒருத்தன் மறைச்சா அத்தன பேரும் போயிடுவோம். நான் இப்பக் குறை சொல்லல. கசிவு பாத்தேன். சொல்றேன்."

நான் என் வேலையில் நிறைய அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். காற்றில் இது இவ்வளவு, அனுமதிக்கப்பட்ட அளவு அவ்வளவு என்று. அறிக்கை என்ற சொல்லுக்கு இவ்வளவு உயரம் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். தன் வாழ்க்கையிலேயே மிகவும் வலிக்கிற இடத்தில் கையை வைத்து, இங்கே கசிகிறது என்று காட்டிவிட்டு, விறைப்பாக நிற்கும் ஒரு மனிதர். விசுவாசத்தைக் கைவிட்டுத்தான் உண்மையைச் சொல்ல முடியும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் தன் விசுவாசத்துக்குள்ளேயே அதற்கு வழி கண்டுபிடித்திருந்தார்.

பெண்கள் பக்கத்தில் சுபேதாரின் மனைவி எழுந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இருமல் பனியால இல்லீங்க. அடுப்புப் புகையாலதான். இன்னிக்கும் ராவெல்லாம் உக்காந்துட்டுத்தான் தூங்குறாரு."

"ஏய், உக்காருடி."

"நீங்க உக்காருங்க. ஒங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

மண்டபமே சிரித்தது. சுபேதாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்து, உட்கார்ந்தார். அதற்குப்பின் யாரையும் நிறுத்த முடியவில்லை. டாங்கிப் பட்டறையில் இருந்தவரின் மனைவி ஒருவர், "எங்க ஆளு பெட்ரோல்லயேதான் கை கழுவுவாரு. அந்தச் சட்டையத் துவைச்சா எங்கையில தோல் உரியும். நான் சோப்பு சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "நானும் உதறித்தாங்க போட்டேன்" என்று எங்கோ பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. நான் படங்களைக் காட்டியபோது யாரும் சாப்பாட்டுப் பக்கம் திரும்பவில்லை. எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் படையில் செய்த வேலையை முதலில் சொல்லுங்கள், பீடி சிகரெட்டை இன்றே விடுங்கள், பயந்துபோய் ஒளிய வேண்டாம், எல்லோருக்கும் நோய் வராது, வந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது என்று சொன்னேன். நான் அழைத்திருந்த தஞ்சாவூர் மருத்துவரும் சொன்னபடி வந்திருந்தார். அடுத்த ஞாயிறு நாகப்பட்டினத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், வருகிறவர்களுக்கெல்லாம் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

வேனில் திரும்பி வரும்போது பெரியப்பா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரியம்மா கண்ணை மூடியபடி கேட்டார்: "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. ஒங்க படம் எப்ப?"

"எனக்கெதுக்கு?"

"காபி குடிச்சீங்கல்ல, பக்கத்துலயே உக்காந்து."

பெரியப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத் திதி குடுக்க ஆளு வேணும்ங்க. ஞாயித்துக்கெழமை வாங்க" என்றார் பெரியம்மா.

அந்த வருஷக் குறுவை அறுவடைக்கு முன்பே பெரியம்மா போய்விட்டார். பெரியப்பாவின் நெஞ்சுப் படத்தில் உறை சில இடங்களில் தடித்திருப்பது தெரிந்தது. நோய் இல்லை, ஆனால் வருஷந்தோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். நானும் வருஷந்தோறும் கூடப் போகிறேன். வாகனப் பட்டறைக்காரர் ஒருவருக்கு, வேலையைச் சொல்லிச் சோதித்ததில், ரத்தத்தில் கோளாறு ஆரம்ப நிலையிலேயே தெரிந்து வைத்தியம் நடக்கிறது. சுபேதாரிடம் இப்போது மூச்சுக்கு இழுக்கும் சின்னக் கருவி ஒன்று சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பதக்கம் போல எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறார். படைப்பிரிவுகளிலும் இப்போது முகமூடி, காற்றோட்டம், மாற்றுப் பொருள் என்று எவ்வளவோ மாறியிருக்கிறது. மாறுவதற்கு முன் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் ஊர் ஊராக இருமிக்கொண்டு, பனி என்றும் வயசு என்றும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் நாகப்பட்டினத்தில் படம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்முன் வந்து நிற்கிறது.

இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேதாரண்யத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் மனைவியோடு வந்திருந்தார்கள். படம் எடுக்கும் அறைக்குள் உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று அங்கிருந்த பெண் சொன்னதும், பெண்கள் வரிசையில் ஒரு தயக்கம் ஓடியது. சுபேதாரின் மனைவிதான் முதலில் தாலிச் சங்கிலியைக் கழற்றினார், கண்ணில் ஒற்றிக்கொண்டு புருஷன் கையில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக அப்படியே செய்தார்கள். நடைக்கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அந்த வயதான மனிதர்கள் ஒருவர்கூட உட்காரவில்லை. உள்ளங்கையில் சங்கிலியை மூடிக்கொண்டு, சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். "போங்க" என்றார் பெரியம்மா. அவர் உள்ளே போனார். கதவு முழுதாக மூடவில்லை. படம் எடுப்பவரின் குரல் வெளியே நன்றாகக் கேட்டது. "நெஞ்ச நிமுத்துங்க. மூச்ச நல்லா இழுங்க. இழுத்துப் புடிங்க. விடாதீங்க."

நடைக்கூடத்தில் அத்தனை நெஞ்சுகளும் நிமிர்ந்தன. வாழ்க்கை முழுக்கக் கட்டளைக்குப் பழகிய மனிதர்கள், தங்களை அறியாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுபேதார் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த பெரியம்மாவும், அவரால் இழுக்க முடிந்த அந்தக் கொஞ்சம் மூச்சை இழுத்து, உதட்டை மூடிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம், உள்ளிருந்து "விடுங்க" என்று குரல் வரும்வரை.